ஆக்ஸிலேட்டரை விட்டா

அந்த ஜன்னல் கண்ணாடிய இன்னுஞ் சித்த தள்ளி விடுங்க தம்பி. காத்தே இல்லீங்க. பஸ்ஸு நின்னு இருபது நிமிசம் ஆச்சு, நீங்க தூங்கிட்டீங்க. முன்னால பாலம் வேலை நடக்குதாமா. அக்கட்டால இருந்து வர்ற வண்டிய விட்டு முடிச்சாத்தான் இக்கட்டால விடுவாங்களாம். செவப்புக் கொடி புடிச்சுட்டு ஒரு ஆளு நிக்கறான் பாருங்க, இப்போதைக்கு அவன் வெச்சதுதான் சட்டம். எந்திரிச்சுப் போயி ஒரு வார்த்தை கேக்கலாமுன்னா இந்தம்மா பூசணிக்கா மூட்டைய என்ற காலு மேலயே வெச்சிருக்குது. நிக்கற சனம் வேற தோள் மேல சாஞ்சுட்டு நிக்குது. அசைய முடியல.

மணி என்னங்க? நாலு முப்பத்தஞ்சா?

அஞ்சரைக்கு நான் காங்கேயத்தைத் தாண்டி ஒரு பனியன் கம்பெனி கேட்டுல நின்னாகோணுமுங்க. அஞ்சரைக்குச் சங்கு ஊதும். அப்ப என்ற சம்சாரம் வெளிய வரும். கேட்டுல இருந்து லேடீஸ் ஹாஸ்டலு நூறு அடிதான். உள்ள போயிட்டா ஆம்பளைங்களை விட மாட்டாங்க, போன் பண்ணுனாலும் எடுக்க மாட்டேங்கறா. அந்த நூறு அடிக்குள்ள நான் அவளைப் பாத்து, பேசி, வண்டியில பின்னால ஒக்கார வெச்சு ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தரோணும். பன்னெண்டு நாளாச்சுங்க அவ போயி.

சண்டையா? ச்சே, அதெல்லாம் இல்லீங்க. இருவத்திமூணு வருசத்துல ஒரு நாளு அவளைக் கை நீட்டுனதில்ல. குடி கெடையாது, சீட்டு கெடையாது. பீடி கூட கெடையாது. இத்தனைக்கும் காரணம் ஒரு ஸ்கூட்டருங்க. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் புடிச்சா ஓடும், விட்டா அணைஞ்சு போயிரும். அந்த ஒத்தக் கோளாறுதான் என்னைய இந்த பஸ்ஸுல கொண்டு வந்து ஒக்கார வெச்சிருக்குது.

நான் சாதாரண ஆளில்லீங்க தம்பி. பேரு நாச்சிமுத்து. ஸ்பின்னிங் மில்லுல இருவத்தாறு வருசம் ஃபிட்டரு. மெசினுக்குப் பக்கத்துல போகாம, வாசல்ல நின்னு காதுல கேட்டே எந்த பேரிங்கு போகப்போகுதுன்னு சொல்லிப்போடுவேன். இஞ்சினியருங்க எல்லாம் என்னையத்தான் கூப்பிடுவாங்க. மில்லு மூடி நாலு வருசமாச்சு. மூடுன அன்னைக்கு அத்தனை மெசினும் ஒண்ணா நின்னுச்சு பாருங்க, அந்த அமைதியில எனக்குக் காது வலிச்சுதுங்க. நெசமாலுமே வலிச்சுது. அதுக்கப்பறம் எனக்குன்னு சத்தம் போட்டது இந்த ஸ்கூட்டரு ஒண்ணுதான்.

இந்த நோட்டைப் பாருங்க. மில்லுல பிரேக்டவுன் நோட்டுன்னு ஒண்ணு இருக்கும். மெசினு நின்னா தேதி, நேரம், எடம், எத்தனை நேரம், கடைசியில காரணம். காரணங்கற கட்டத்தை நிரப்பாம ஃபிட்டரு கையெழுத்துப் போடக்கூடாது, அது ரூலு. காரணம் என்னன்னு கேட்டா மூணே மூணுதான். தேய்மானம், தூசி, ஆளு. ஆளுன்னு எழுதுனா பேரும் எழுதோணும். நான் பயப்படாம எழுதுவேன். எத்தனையோ பேரு என்ற கால்ல வுழுந்திருக்கறாங்க, பேரை அடிச்சுருங்கண்ணான்னு. அடிக்க மாட்டேன். அதே மாதிரி ஸ்கூட்டருக்கும் நோட்டுப் போட்டேன். மூணு மாசத்துல நாப்பத்தியொரு தடவ அணைஞ்சிருக்குது. காரணக் கட்டத்தைப் பாருங்க. தேய்மானம்னு எழுதி அடிச்சிருக்கறேன், தூசின்னு எழுதி அடிச்சிருக்கறேன். ஆளுன்னு மட்டும் எழுதல. அந்த வண்டியில கை வெக்கற ஆளு நான் ஒருத்தந்தானுங்களே.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

கோகிலவாணி, அதான் என்ற சம்சாரம், திருப்பூர்ல கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரு. நான்தான் தினமும் கொண்டு போயி விட்டுட்டுக் கூட்டிட்டு வருவேன். காலையில எட்டரை, சாயங்காலம் அஞ்சே கால். பஸ்ஸுல இடிபட்டுட்டு வரக்கூடாது பாருங்க. கூட வேலை செய்யற பொம்பளைங்க எல்லாம் அவளைக் குடுத்து வெச்சவன்னு சொல்லுவாங்களாமா. கம்பெனி கேட்டுக்கிட்டப் போனா நான் என்ஜினை ஆஃப் பண்ண மாட்டேன். ஓடிட்டே இருக்கோணும். அந்தச் சத்தம் செக்கிங் டேபிள் வரைக்கும் கேக்கும், ஆளு வந்தாச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சுரும். பைய எடுத்துட்டு ஓடியாருவா. ரெண்டு நிமிசம் ஆச்சுன்னா ஒரு ஆரன். மூணாவது ஆரன் நான் அடிச்சதே இல்லீங்க, அவ அடிக்க வெச்சதில்ல.

ஆடி நோம்பிக்கு முந்தின நாளு கம்பெனியில எல்லாருக்கும் மிட்டாய் குடுத்தாங்க. மேனேஜரு கேட்டு வரைக்கும் வந்து எங்கிட்டப் பேசுனாரு. காங்கேயத்துக்கிட்டப் புது யூனிட்டு போடறாங்களாம், கோகிலாவை இன்சார்ஜா போடலாமுன்னு இருக்கறாங்களாம், ரூமெல்லாம் குடுப்பாங்களாம். எம்பது பேருக்கு மேல வேலை வாங்கோணுமாமா. நான் உடனே சொல்லிப்போட்டேன். "அத்தனை தூரம் தினமும் கொண்டு வந்து விட எனக்குத் தோது ஆகாதுங்க சார். ஹாஸ்டலு கீஸ்டலெல்லாம் குடும்பத்துல இருக்கற பொம்பளைக்கு ஒத்து வராதுங்க" அப்படின்னு. கோகிலா பக்கத்துலதான் நின்னுட்டிருந்தா, மிட்டாய் பொட்டலத்தைப் புடிச்சுட்டு. அவளுக்கும் அதே ரோசனைதான் போல, இல்லைன்னா வாயைத் தொறந்திருப்பாளல்லங்க.

அது வேற விசயம். அதுக்கும் வண்டிக்கும் சம்பந்தமில்ல. சொல்ல வந்தது என்னன்னா, நோம்பி முடிஞ்சு கம்பெனி தொறந்த மொத நாளே வண்டி அணைய ஆரம்பிச்சுருச்சு. இதா, மொதப் பக்கம். ஆடி ரெண்டு. அஞ்சே கால். கம்பெனி கேட்டு.

நடுக் கேட்டுல அணைஞ்சா என்னாகும்? பின்னால லோடு வண்டி நிக்கும், வாட்ச்மேன் கத்துவான். நான் உதைக்கறேன், பத்திக்குது, கையை எடுத்தா அணையுது. முறுக்கிப் புடிச்சுட்டே நின்னா பொகை. வாட்ச்மேன், "அண்ணா, அந்த டீக்கடைக்கு அக்கட்டால போயி நிறுத்திக்கங்க" அப்படின்னுட்டான். டீக்கடையில இருந்து கேட்டு தெரியாது. அன்னையில இருந்து அவ அஞ்சரைக்குத்தான் வருவா. நாலு பொம்பளைங்களோட சிரிச்சுப் பேசிட்டு மெதுவா நடந்து வருவா. என்னையப் பாத்ததும் பேச்சை நிறுத்திப்போடுவா. வண்டி கெட்டதுனால அவளுக்கும் பாவம் அத்தனை தூரம் நடை.

நான் விடுவேனுங்களா? அந்த ஞாயித்துக்கெழமையே பிரிச்சுப்போட்டேன். ப்ளக்கைத் தொடச்சு இடைவெளி வெச்சேன். ஏர் ஃபில்டரைத் தட்டுனேன். கார்பரேட்டரைக் கழட்டி, பெட்ரோல்ல ஊற வெச்சு, சின்ன ஜெட்டு ஓட்டையில ஒத்தக் கம்பி இழை விட்டு அடைப்பெடுத்தேன். கோகிலாதான் டார்ச்சு புடிச்சா. எத்தனையோ வருசமா ஞாயித்துக்கெழமைன்னா அவளுக்கு அந்த வேலைதான், நான் எதைத் திருகறேன்னு பாத்துட்டே நிப்பா. ஆனா ஒழுங்காப் புடிக்கத் தெரியாதுங்க. நான் ப்ளக்கைப் பாக்கறப்ப அவ லைட்டை ஐடிலிங் ஸ்க்ரூ மேல அடிச்சுட்டு நிப்பா. "இந்த ஸ்க்ரூ எதுக்குங்க?" அப்படின்னா. இருவத்திமூணு வருசத்துல அவ வண்டியப் பத்திக் கேட்ட மொதக் கேள்வி அது. எனக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கோணுமே. ஸ்க்ரூ ட்ரைவரை அவ கையிலயே குடுத்தேன். "இக்கட்டாலத் திருப்புனா சும்மா நிக்கறப்பவும் ஓடும், அக்கட்டாலக் கால் சுத்துத் திருப்புனா கையை விட்டதும் அணைஞ்சிரும். கால் சுத்துல இருக்குது சூட்சுமம்" அப்படின்னேன். திருப்பிப் பாத்தா. அணைஞ்சுது. மறுக்கா திருப்புனா. ஓடுச்சு. "அவ்வளவுதானுங்களா?" அப்படின்னா. பொம்பளைங்களுக்கு எல்லாமே லேசாத் தெரியும்.

அன்னைக்குப் பூரா வண்டி தங்கமாட்ட ஓடுச்சு. கோயிலுக்குப் போனோம், வந்தோம். திங்கக்கெழமை சாயங்காலம் கேட்டுல நிறுத்துனா, அணைஞ்சிருச்சு.

இப்படியேதானுங்க. ஞாயித்துக்கெழமை சரி பண்ணுவேன், திங்கக்கெழமை கெட்டுப்போகும். ராத்திரியில வெளிக் கேட்டுக்குத் திண்டுக்கல்லு பூட்டு போட்டு, சாவியச் சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருப்பேன். அப்படியும் காலையில பாத்தா ஸ்க்ரூ கால் சுத்து லூசாயிருக்கும். டேப்பெட் பாத்தேன், பெட்ரோல் ட்யூப்பை மாத்துனேன். மெக்கானிக்கு சிராஜுகிட்டக் கொண்டு போனேன், என்ற பொழப்புல மொதத் தடவையா ஒரு மெக்கானிக்கு கடை வாசலை மிதிச்சேன். அவன் ஒரு மணி நேரம் பாத்துட்டு, "வண்டியில ஒண்ணுமில்லண்ணே. யாரோ கை வெக்கறாங்க, உங்க ஊட்டுலயே பாருங்க" அப்படின்னான். வேலை தெரியாதவன் பேசற பேச்சு. வெளக்கைக் கையில புடிச்சுட்டே கெணத்துல வுழுகற ஆளுங்க.

இருந்தாலும் அவன் சொன்னது மனசுல கெடந்துச்சு. மாடியில குடியிருக்கற மருதாசலம், ரிட்டையர்டு கண்டக்டரு, அவரு மேல சந்தேகம் வந்திருச்சு. வண்டி அவரு படிக்குக் கீழதான் நிக்கும். நேராப் போயிக் கேட்டுட்டேன். மனுசன் பதறிப்போயிட்டாரு. "நாச்சிமுத்து, ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுய்யா" அப்படின்னாரு. பேச்சு வாக்குல நாலு வார்த்தை தடிச்சுப் போச்சு. கோகிலா குறுக்க வந்து, "அவருகிட்ட மன்னிப்புக் கேளுங்க மாமா, அவரு இல்ல" அப்படின்னா. அத்தனை உறுதியாச் சொன்னா. மனுசங்களை உடனே நம்பிப்போடுவா, அதுதான் அவகிட்ட இருக்கற கொறை.

நடுவுல ரெண்டு எடத்துல நோட்டுல எழுத்தே இல்ல பாருங்க. ஆவணி மாசம் அவ நாலு நாளு பொண்ணு ஊட்டுக்குப் போயிருந்தா. எங்களுக்கு ஒரே பொண்ணு, கோயமுத்தூர்ல கட்டிக் குடுத்திருக்குது. அந்த நாலு நாளும் வண்டி ஒரு தடவ கூட அணையல. ரெண்டு பேரு வெயிட்டுத் தாங்காமத்தான் அணையுதோன்னு ஒரு கணக்குப் போட்டேன், அதுல கடைசி ரெண்டு நாளு பின் சீட்டுல அரிசி மூட்டைய வெச்சு ஓட்டிப் பாத்தேன், அப்பவும் அணையல. அது இல்ல.

இன்னொண்ணு இது. இந்த ஒம்பது நாளு. அதுக்கு முந்தின நாளு சிக்னல்ல வண்டி அணைஞ்சு, நான் உதைக்கப் போயி, ரெண்டு பேரும் சாஞ்சுட்டோம். எனக்கு முட்டி பேந்துருச்சு. அவ அப்படி அழுது நான் பாத்ததில்லீங்க. "என்னாலதான், என்னாலதான்"னு அழுவறா. நீ என்ன பண்ணுவ, வண்டி அணைஞ்சுதுன்னேன். மஞ்சளை அரைச்சுப் போட்டு, மூணு நாளு பக்கத்துலயே ஒக்காந்திருந்தா. அந்த ஒம்பது நாளு வண்டி அணையவே இல்ல. சாஞ்ச அதிர்ச்சியில ஏதோ ஒண்ணு எடத்துல போயி ஒக்காந்துருச்சுன்னு நெனச்சேன். பத்தாவது நாளு அவ கம்பெனியில லேட்டாயிருச்சுன்னு நான் ரெண்டு சத்தம் போட்டேன், வாசல்ல, நாலு பேரு முன்னால. மக்யா நாளே மறுபடி ஆரம்பிச்சுருச்சு. கெரகம் புடிச்ச வண்டி.

அப்பத்தான் இந்த ரோசனை வந்துச்சு. அதிர்வுல ஸ்க்ரூ தானாக் கழண்டு வருது. மில்லுல சின்ன ஸ்க்ரூ கழலாம இருக்க நெய்ல் பாலிஷ் ஒரு சொட்டு வெப்போம். காஞ்சா இறுகிப் புடிச்சுக்கும், கழண்டாலும் வெடிப்பு காட்டிக் குடுத்துரும். ஃபேன்சி ஸ்டோர்ல போயி வெக்கப்பட்டுட்டே ஒண்ணு வாங்குனேன். நல்ல ரத்தச் செவப்பு. ராத்திரி ஸ்க்ரூ மண்டையில ரெண்டு சொட்டு வெச்சேன். கோகிலா கேட்டா, "இது யாருக்குங்க?" அப்படின்னு. வண்டிக்குன்னேன். அவ மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அவ அதெல்லாம் போட்டதில்ல, நான் விட்டதில்ல. குடும்பப் பொம்பளைக்கு எதுக்குங்க அது?

காலையில பாக்கறேன், பாலிஷ் வெடிச்சு உதுந்து கெடக்குது. ஸ்க்ரூ கால் சுத்து லூசு. எனக்குத் தலையே வெடிக்கற மாதிரி இருக்குது. அந்தக் கடுப்புலயே சோத்துக்கு ஒக்காந்தா, தோசை வெக்க வந்தவ கட்டை விரலு நகத்தடியில செவப்பு! எனக்கு வந்த கோவத்துக்கு, "இந்த வயசுல நெய்ல் பாலிஷ் கேக்குதா உனக்கு? வண்டிக்கு வாங்கி வெச்சதைத் திருட்டுத்தனமா எடுத்துப் பூசிப் பாக்கறியா?" அப்படின்னு தட்டத்தைத் தள்ளிப்போட்டேன். அவ பாட்டுக்கு என்னையவே பாத்துட்டு நின்னா. அப்பறம் சிரிச்சாளுங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சா. "ஆமாங்க, நாந்தான் எடுத்தேன், நாந்தான்" அப்படின்னா. ஒத்துக்கிட்டதுனால நான் அதோட விட்டுட்டேன்.

இனி ஒரு வழிதான் பாக்கி. ஓட்டறவனுக்கு என்ஜின் சத்தம் முழுசாக் கேக்காதுங்க, காத்து அடிச்சுரும். ஒருத்தரு ஓட்டோணும், ஒருத்தரு வெளிய நின்னு கேக்கோணும். கேக்கறதுக்கு என்னைய விட்டா ஆளில்ல. அப்ப ஓட்டறது யாரு? கோகிலாதான். அவளுக்கு சைக்கிளே தெரியாது. மில்லு குவார்ட்டர்ஸ் கெரவுண்டுல நானே பழக்குனேன். நாலு நாள்ல புடிச்சுக்கிட்டா. நான் வேப்பமரத்துக்குக் கீழ நின்னு காதைத் தீட்டிட்டுக் கேப்பேன். என்னையத் தாண்டறப்ப, "விடு! ஆக்ஸிலேட்டரை விடு!"ன்னு கத்துவேன். விடுவா. அணையாது. "இன்னொரு ரவுண்டு"ம்பேன். பத்து ரவுண்டு, இருவது ரவுண்டு. கெரவுண்டுல அணையவே மாட்டேங்குது. ரோட்டுல போயிப் பாத்தாத்தான் தெரியும், ரோட்டுல போனா போலீசு புடிப்பான். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போயி எட்டுப் போட வெச்சு லைசென்சும் நானே எடுத்துக் குடுத்தேன். எல்லாம் வண்டியை டெஸ்ட் பண்ணத்தானுங்க.

போன திங்கக்கெழமைக்கு முந்தின திங்கக்கெழமை. லீவு போடச் சொன்னேன். "என்ஜின் நல்லாச் சூடானா அணையுதான்னு பாக்கோணும். காங்கேயம் ரோட்டுல பத்து கிலோமீட்டரு போயிட்டுத் திரும்பி வா" அப்படின்னு நானேதான் தாட்டி விட்டேன். அவ உள்ள போயி ஒரு பை எடுத்துட்டு வந்தா. எதுக்குன்னேன், வழியில அணைஞ்சு நின்னுட்டா சோறு வேணுமல்லங்கன்னா. அதும் நாயந்தானே. ஹெல்மெட்டைப் போட்டுட்டு, ஸ்டார்ட் பண்ணிட்டு, "ஏனுங்க, நான் போகட்டுங்களா?" அப்படின்னு கேட்டா. போன்னேன். அதை ரெண்டு தடவ கேட்டா.

கெரவுண்டு வேப்பமரத்துக்குக் கீழ போயி மூணு மணி நேரம் நின்னேன். அப்பறம் ஸ்க்ரூ ட்ரைவர், ப்ளக்கு ஸ்பானரு எல்லாம் பையில போட்டுட்டு ரோட்டோரமா நடந்தே தேடிட்டுப் போனேன். பாக்கற மரத்தடியெல்லாம் பாத்தேன். எங்கியோ அணைஞ்சு போயி உதைச்சுட்டு நிப்பாளேன்னு நெனச்சுட்டே நடந்தேன். ஆறு மணிக்கு அவளே போன் பண்ணுனா. "நான் புது யூனிட்டுல சேந்துட்டனுங்க. இங்கயே ரூமு குடுத்திருக்கறாங்க. வண்டி வேணும்னா சொல்லுங்க, யாருகிட்டயாவது குடுத்து விடறேன்." நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வண்டி எங்கெங்க அணைஞ்சுது?" "எங்கயும் அணையலீங்க" அப்படின்னு வெச்சுட்டா. என்ற மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்றாளுங்க அவ.

பொண்ணும் போன் பண்ணி, "விடுங்கப்பா, அம்மா நல்லா இருக்கறாங்க"ன்னுச்சு. எப்படி நல்லா இருப்பா? அணையற வண்டிய வெச்சுட்டு? சனிக்கெழமையானா திருப்பூர் ஆபீசுக்குச் சாம்பிள் எடுத்துட்டுப் போறாளாமா. வேன்லதான் போவா, அந்த வண்டியில அத்தனை தூரம் வர முடியாது. இன்னைக்குச் சனிக்கெழமைதானுங்களே? அஞ்சரைக்குள்ள திரும்பி வந்திருப்பா. அதுக்குத்தான் இன்னைக்குக் கெளம்புனேன். இதா பையில எல்லாம் இருக்குது. ஸ்க்ரூ ட்ரைவரு, ப்ளக்கு, அந்த நெய்ல் பாலிஷ் பாட்டிலும் இருக்குது. சரி பண்ணிக் குடுத்தா வந்துருவா. எனக்குப் பயமா இருக்குதுங்க தம்பி, சும்மா சொல்லக் கூடாது. ஊட்டுல சத்தமே இல்லீங்க. சாயங்காலம் அஞ்சே காலு ஆச்சுன்னா டீக்கடை வரைக்கும் நடந்து போயி நின்னுட்டு வர்றேன்.

மணி என்னங்க? அஞ்சே ஆச்சா? கண்டக்டரு, ஏனுங்க கண்டக்டரு, எறங்கி நடந்தாப் போயிச் சேர முடியுங்களா? எட்டு கிலோமீட்டரா? இப்ப விட்டுருவான்னுதான் அரை மணி நேரமாச் சொல்றீங்க.

இருங்க. பேசாதீங்க தம்பி.

கேக்குதுங்களா? பின்னால இருந்து, லெஃப்டு சைடுல. ரெண்டு சக்கர வண்டியெல்லாம் சந்துல பூந்து முன்னால வர்றாங்களே, அதுல ஒண்ணு. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னேம்பாங்க. அந்தச் சைலன்சர் மூடி கிணுகிணுங்குதே, அது நானே வெல்டிங் வெச்சது. அது என்ற வண்டிங்க. நீங்கதான் ஜன்னலோரம் இருக்கறீங்க, எட்டிப் பாருங்க. பொம்பளையா? என்ன சேலை? சுடிதாரா? அப்ப அவ இல்லீங்க. அவளுக்குச் சுடிதாரே கெடையாது. பின் சீட்டுக் கிழிசல்ல செவப்பு டேப்பு ஒட்டியிருக்குதுங்களா? பெரிய துணி மூட்டை கட்டியிருக்குதா?

அவதானுங்க.

வேண்டாம், கூப்பிடாதீங்க. சித்த இருங்க. இப்ப அணையும் பாருங்க. சும்மா நின்னா அணையும், அதான் அதோட கோளாறு. அணைஞ்சா நான் இந்த மூட்டையைத் தாண்டிக் குதிச்சாவது எறங்கிருவேன். அவளால உதைக்க முடியாது, நான்தான் உதைக்கோணும். அணையட்டும். நிமிசம் பாத்துக்கங்க.

ஆக்ஸிலேட்டர்ல கை வெச்சிருக்கறாளா, பாருங்க. முறுக்கிப் புடிச்சுட்டு இருப்பா. இல்லீங்களா? ரெண்டு கையும் எடுத்துட்டாளா? தண்ணி குடிக்கறாளா?

நல்லாப் பாத்துச் சொல்லுங்க. வெரல்ல என்ன? செவப்பா? எந்த வெரல்ல? கட்டை வெரல்லதான இருக்கும்.

பத்துலயுமுங்களா?

...

எத்தனை நிமிசம் ஆச்சு? ஆறா? கேளுங்க தம்பி அந்தச் சத்தத்தை. நான் வெக்கறதை விட ஒரு நூலு கம்மி. விக்காம, ஏறாம, எறங்காம ஓடுது பாருங்க. இருவத்தாறு வருசம் மெசினு பாத்தவன் சொல்றேன், இந்தப் பதம் எனக்கு வந்ததில்லீங்க. நான் எப்பவும் ஒரு நூலு சாஸ்தியா வெச்சுப்போடுவேன், அணைஞ்சுருமோன்னு பயத்துல. இதை வெச்ச கைக்குப் பயமில்ல.

கொடிய மாத்திட்டான். போறாளா? திரும்பிப் பாத்தாளா? பஸ்ஸுக்குள்ள யாரு இருக்கறான்னு அவளுக்கென்ன தெரியும். போகட்டும். ஒரே முறுக்குல போயிட்டாளுங்க.

இல்லீங்க, நான் அழுவல. வேர்வை.

கண்டக்டரு, காங்கேயத்துல இருந்து திருப்பூருக்குத் திரும்பற பஸ்ஸு எத்தனை மணிக்குங்க? சரிங்க. ஆமா, அங்க எறங்கி அப்படியே அதுல ஏறிக்கறேன்.

தம்பி, ஒரு ஒதவி. கண்ணுல வேர்வை எறங்கிருச்சு, கட்டம் தெரியல, இந்த நோட்டுல கொஞ்சம் எழுதிக் குடுங்க. இன்னைத் தேதி. நேரம் அஞ்சு மணி. எடம் பாலம் வேலை நடக்கற எடம். எத்தனை நேரம்ங்கற கட்டத்துல, ஏழு நிமிசம் ஓடுச்சு, அணையலைன்னு எழுதுங்க. காரணமுங்களா? அதை விடக்கூடாது, ரூலு. தேய்மானம் இல்ல, தூசியும் இல்ல. ஆளுன்னு எழுதுங்க.

எழுதிட்டீங்களா? பேரு போட்டாத்தான் முடியும். நோட்டை இப்படிக் குடுங்க, பேரை நானே எழுதிக்கறேன்.